மாடி டீச்சர் வாங்கிய கீரை

உப்பு போதுமா என்று கேட்டால் போதும் என்றோ போதாது என்றோ பதில் வரவேண்டும். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த டீச்சரிடம் கேட்டால் அது வராது. முதல் வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டையே பார்ப்பார். இரண்டாவது வாய் எடுப்பார். ரசத்தைத் தனியாக ஒரு கரண்டி வாங்கி நாக்கில் விட்டுப் பார்ப்பார். அதற்குள் நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்திருப்பேன். "கொஞ்சம் கம்மிதாங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும்போது, எந்தக் கேள்விக்கு இது பதில் என்றே எனக்கு மறந்திருக்கும்.

நான் அதற்கு நேர் எதிர். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லி, பிறகு அதைத் திருத்தி, திருத்தியதற்காக இன்னொரு சண்டையும் போடுகிற ஆள். ஆகவே ஆரம்பத்தில் அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வந்தது. "இன்னா டீச்சர், பஸ் வந்துடுச்சானு கேட்டா அதுக்கும் யோசிக்கணுமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு மட்டும் யோசிக்காமல் வரும்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது. ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு மாடி அறைகளை வாடகைக்கு விடுவோம். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். குளிர் தொடங்கும்போது வந்து வெயில் ஏறும்போது போய்விடுவார்கள். தொண்ணூற்றொன்பதில் வந்த டீச்சர் மட்டும் வெயில் ஏறியும் போகவில்லை. அவர் வெள்ளைக்காரரும் இல்லை, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நன்றாகப் படித்து, வெளிநாடு போய், பல வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டு, இங்கே ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்க வந்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று கேள்விப்பட்டதும் என் வீட்டுக்காரர் தன் முதுகுவலியைச் சொல்ல மாடியேறிப் போனார். செடிக்குத்தான் டாக்டர் என்று தெரிந்ததும் அதே முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

இந்த ஊருக்கு வந்து தங்குகிறவர்களிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் மலை கூப்பிட்டது என்பார்கள். அது ஒரு வழக்கம். டீச்சரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். "எனக்கே இன்னும் சரியாத் தெரியலைங்க" என்றார்.

மொட்டை மாடியில் வரிசையாகக் கறுப்புப் பக்கெட்டுகள் வைத்திருந்தார். மண் இல்லை. தண்ணீரில் எதையோ கலந்து அதிலேயே நெல் நாற்றையும் கீரைச் செடியையும் வளர்த்தார். ஒரு வரிசை நல்ல பச்சையாக இருக்கும். இன்னொரு வரிசை காமாலை வந்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். வெளுத்ததற்கு இரும்புச் சத்து கொடுக்கவில்லையாம், வேண்டுமென்றே. பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிற மாதிரி இருக்கிறதே என்றேன். பட்டினி போட்டால்தான் வேர் என்ன செய்கிறது என்று தெரியும் என்றார்.

அவருடைய ஆராய்ச்சியை அவர் எனக்குச் சொன்ன விதத்தில்தான் என்னால் சொல்ல முடியும். செடியின் உடம்பு முழுக்க செல். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு தோல், உள்ளே ஒரு பை, அந்தப் பைக்கும் ஒரு தோல். அந்தத் தோல்களில் புரதங்கள் வாசல்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. எந்தச் சத்து உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று முடிவு செய்வது அவைதான். பையின் வாசலில் இருக்கிற புரதங்களைத்தான் டீச்சர் வெளிநாட்டில் வருஷக்கணக்காகப் படித்திருக்கிறார். நாம் சாப்பிடுகிற சோறு, கீரை எல்லாவற்றிலும் இருக்கிற சத்து அந்த வாசல்களைத் தாண்டி வந்ததுதான் என்பார்.

இரும்புக்கு ஒரு வாசல்காரன் உண்டு. அவனுக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை. காட்மியம் என்று ஒரு விஷ உலோகம் இருக்கிறது, அது வந்து நின்றால் இரும்புதான் என்று நினைத்து உள்ளே விட்டுவிடுவான். தீபத்தன்று யாருடைய பாஸையோ காட்டிவிட்டுக் கோயிலுக்குள் நுழைகிறார்களே, அப்படியா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று, வழக்கம்போல் யோசித்துவிட்டு, ஒப்புக்கொண்டார். செடிக்கு இரும்புப் பசி எடுத்தால் அது இன்னும் நிறைய வாசல்களைத் திறந்து வைக்குமாம். அப்போது விஷமும் ஜாஸ்தியாக நுழையும்.

"உள்ள வந்துட்ட விஷத்தை செடி இன்னா பண்ணும்?"

"அந்தப் பைக்குள்ள தள்ளிப் பூட்டிடுங்க. அப்புறம் செடிக்கு ஒண்ணும் ஆகாது. பச்சைப்பசேல்னு வளரும். பார்த்தா யாருக்கும் தெரியாது."

பரவாயில்லையே, கெட்டிக்காரச் செடி என்றேன்.

"செடி கெட்டிக்காரச் செடிதாங்க. அதைச் சாப்பிடறவங்கதான் பையைத் திறக்கறாங்க."

எனக்கு அன்று அது சுவாரசியமான கதையாக இருந்தது, அவ்வளவுதான். கீழே வந்து கீரை ஆய்ந்துகொண்டே வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

அந்தக் கோடையில் ஒரு சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். டீச்சர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றிருந்தார். நானும் பார்த்தேன். மலையின் இடுப்பில் காய்ந்த புல் எரிந்துகொண்டிருந்தது. சின்னத் தீ இல்லை, மேல்நோக்கி ஓடுகிற தீ. நான் கூச்சல் போட்டுக்கொண்டே இறங்கித் தெருவைக் கூட்டினேன். ஆட்கள் ஓடினார்கள். பிறகு கேட்டால், சின்னப் புள்ளியாகச் சிவந்தபோதே அதைப் பார்த்திருக்கிறார். "பாறைல படற மஞ்ச வெயிலோனு நினைச்சேங்க. நிச்சயமாத் தெரியட்டும்னு இருந்தேன்." தீயை அணைக்கப் போனவர்களில் ஒருவருக்குக் கையில் காயம். அதற்காக அவர் பல நாள் சாப்பாடு சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் அடுத்த முறை முன்கூட்டிச் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது நல்லதா என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு பயம் வந்தது.

என் தங்கை வந்தது அதற்குப் பிறகு. அவளையும் கீழ்பென்னாத்தூரில்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். ஏற்கெனவே இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை மூன்று மாதம் தாண்டியதும், பிரசவம் பார்க்கிற டாக்டரம்மாவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று இங்கே கூட்டி வந்துவிட்டேன். எங்களுக்கு அம்மா இல்லை. அவளுக்கு அம்மாவும் நான்தான், மாமியாரைத் தட்டிக் கேட்கிற ஆளும் நான்தான். அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ரத்தம் ரொம்பக் கம்மி என்றார் டாக்டரம்மா. இரும்பு மாத்திரை கொடுத்தார். விழுங்கிய கையோடு வாந்தி. மாத்திரையை மாற்றியும் அதே கதை. அப்படியானால் கீரையாவது தினமும் கொடுங்கள் என்றார். கீரைக்கு எங்கள் தெருவில் என்ன குறை? தெருக்கோடியில் ஒருவர் குத்தகைக்கு நிலம் எடுத்துத் தண்டுக்கீரையும் சிறுகீரையும் போட்டிருந்தார். கீரைக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். நல்ல மனிதர். அவர் கீரையைப் பார்த்தாலே கண்ணுக்குக் குளிர்ச்சி. சந்தைக் கீரையெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. தெருவில் பாதி வீடுகளில் அதுதான் குழம்பு, அதுதான் பொரியல். நான் தினமும் காலையில் கட்டு வாங்கி மசித்து, நெய் விட்டு, தங்கைக்குப் பிசைந்து கொடுப்பேன். அவளுக்கு அது பிடித்திருந்தது, வயிற்றிலும் தங்கியது.

மத்தியானங்களில் அவள் மாடிக்குப் போய்விடுவாள். டீச்சருக்கும் அவளுக்கும் எப்படி ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. "டீச்சர்க்கா" என்று கூப்பிடுவாள். பக்கெட்டுச் செடிகளை எண்ணிக் கொடுப்பாள், இலையின் நிறம் சொல்வாள். என்னிடம் சொல்லாததையெல்லாம் டீச்சர் அவளிடம் சொன்னார். குழந்தைக்கு இப்போது காது கேட்கும் என்று புத்தகத்தில் படித்துச் சொல்லி, அவள் வயிற்றுப் பக்கம் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்ததை ஒரு நாள் நானே பார்த்தேன். டீச்சரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அந்த நாளிலிருந்துதான்.

ஒரு காலை நான் கீரையை வேரோடு உதறினேன். வேரிலிருந்து ஒரு நட்டு தரையில் விழுந்து உருண்டது. மண்ணைத் துடைத்தால் லேசான மஞ்சள் பளபளப்பு. துரு என்பது பேருக்குக்கூட இல்லை. பால் வாங்க இறங்கி வந்திருந்த டீச்சர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். பழைய இரும்புதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பாலை மறந்துவிட்டுக் கீரைக்காரர் நிலத்துக்குப் போனார். அங்கே தோண்டும்போதெல்லாம் அப்படி நட்டும் போல்ட்டும் வருமாம். எத்தனை மழை பெய்தாலும் துருப்பிடிக்காத நல்ல சரக்கு என்று சொல்லி, தன் வேலிப் படலையே அவற்றால் முடுக்கியிருந்ததைக் கீரைக்காரர் பெருமையாகக் காட்டியிருக்கிறார்.

அங்கே முன்பு என்ன இருந்தது என்று டீச்சர் என்னைக் கேட்டார். எனக்குத்தான் பதில் கைவசம் இருக்குமே. முலாம் போடுகிற பட்டறை என்றேன். சைக்கிள் சாமான், போல்ட், நட்டு எல்லாவற்றையும் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அந்தத் தண்ணீரைப் பின்னால் ஒரு பள்ளத்தில் விடுவார்கள், மூக்கைத் துளைக்கும். பட்டறைக்காரர் கடையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். பள்ளத்தை மூடி மண் அடித்ததில் இப்போது கீரை நன்றாக வருகிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன். டீச்சர் கேட்டுக்கொண்டார். தங்கைக்கு வேறு ஊர்க் கீரையை மாற்றி மாற்றிக் கொடுக்கலாமே என்றார், மெதுவாக. எதற்கு என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

ஒரு கட்டுக் கீரையும் ஒரு பொட்டலம் மண்ணும் அவரோடு சென்னைக்குப் போயின. அங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவருடன் படித்தவர் இருந்தார். அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. டீச்சர் எதையாவது ஆராய்வார், அது அவர் பிழைப்பு. அவர் நட்டு விழுந்த அன்றே சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்று பிறகு பலர் என்னைக் கேட்டார்கள். வயிற்றில் குழந்தை இருக்கும்போது விஷம் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் எவள் கேட்காமல் இருப்பாள்?

இரண்டு மாதம் போயிருக்கும். திடீரென்று காலையில் கீரை கிடைக்கவில்லை. டீச்சரம்மா விடியும்போதே வந்து எல்லாக் கட்டையும் வாங்கிப் போய்விட்டார்கள் என்றார் கீரைக்காரர். மறுநாளும் அதே. தெருவில் யாருக்கும் இல்லை. தனியாள், இத்தனை கீரையை என்ன செய்கிறார் என்று ஊரே கேட்டது. அவரிடம் கேட்டால் வேண்டியிருக்கிறது என்பார். கீரைக்காரருக்கோ வியாபாரம் சூடு பிடித்த சந்தோஷம், இன்னும் இரண்டு பாத்தி சேர்த்து விதைத்தார். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இல்லாமல் போகக்கூடாது என்று டீச்சர் வருவதற்கு முன்பே எங்களுக்காக ஒரு கட்டை எடுத்து ஈரச் சாக்கில் மறைத்து வைப்பார். நான் பின்பக்கமாகப் போய் வாங்கி வருவேன். ஆக, தெருவில் எல்லோருடைய தட்டிலிருந்தும் அந்தக் கீரை போய்விட்டது. என் தங்கையின் தட்டில் மட்டும் தவறாமல் இருந்தது.

வெயிலில் காயப்போட்ட மிளகாயை எடுக்கப் போன அன்று மாடி மூலையில் மூட்டைகளைப் பார்த்தேன். அவிழ்த்தால் கீரை. வாடினது, அழுகினது, காய்ந்தது, கட்டுகூடப் பிரிக்காதது. எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கல்லூரியிலிருந்து அவர் வந்து சேரும்வரை அங்கேயே நின்றேன்.

"வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிற வீடு டீச்சர் இது. நீங்க பாட்டுக்கு வாங்கி மக்க வைக்கிறீங்க. இன்னா நியாயம் இது?"

அவர் மூட்டையை ஒன்றன்பின் ஒன்றாக மறுபடி கட்டினார். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க. சொல்லிடறேன்" என்றார். என்னத்தைச் சொல்வீர்கள் என்று கத்தினேன். ஆட்டுக்காவது போடலாமே என்றேன். ஆட்டுக்கு வேண்டாம் என்று மட்டும் உடனே சொன்னார். அவர் அப்படி உடனே சொன்னது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோபத்தில் உறைக்கவில்லை.

அன்று தங்கைதான் என்னைச் சமாதானப்படுத்தினாள். டீச்சரின் அண்ணன் கதையை அப்போதுதான் சொன்னாள். டீச்சர் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்தபோது அண்ணனின் நெல் வயல் மஞ்சள் பூத்து நின்றிருக்கிறது. வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, துத்தநாகச் சத்து இல்லை என்று சொல்லிவிட்டார். இத்தனை படித்த தங்கை சொன்ன பிறகு யாரைக் கேட்க வேண்டும்? அண்ணன் அதையே வாங்கிப் போட்டார், பக்கத்து வயல்காரர்களும் போட்டார்கள். கோளாறு மண்ணில் இல்லை, கிணற்றுத் தண்ணீர் உப்பாகியிருந்தது. அது தெரிவதற்குள் அத்தனை பேர் பயிரும் போய்விட்டது. அண்ணன் நிலத்தில் ஒரு பங்கை விற்றார். இவரோடு பேசுவதையும் விட்டார். இவர் திரும்பி வந்து இத்தனை பக்கத்தில் இருந்தும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "அதுலேர்ந்து ரெண்டு தரம் பார்க்காம எதையும் வாயைத் தொறந்து சொல்றதில்லையாம்க்கா. பாவம்" என்றாள் தங்கை. சொல்லிக்கொண்டே கீரைச் சாதத்தைப் பிசைந்தாள்.

சென்னையிலிருந்து போன் வந்தபோது எட்டாவது மாதம். மத்தியான நேரம், எங்கள் கூடத்தில்தான் போன் இருந்தது. டீச்சர் இறங்கி வந்து பேசினார். "ரெண்டாவது தரமும் அதேவா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு ரிசீவரை வைத்தார். திரும்பினால் என் தங்கை தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். தட்டில் கீரை.

டீச்சர் அவள் எதிரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இது எங்க வாங்கினது?" என்று கேட்டார். நான்தான் பெருமையாகச் சொன்னேன், நமக்கென்று கீரைக்காரர் எடுத்து வைப்பார் என்று. நீங்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன நாட்களிலும் என் தங்கை ஒரு வேளைகூட விட்டதில்லை என்று.

அவர் கையை நீட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அந்த நட்டில் பூசியிருந்த முலாமே காட்மியம்தானாம், பட்டறைத் தண்ணீரோடு அது மண்ணில் இறங்கியிருக்கிறது, கீரையில் அதைவிட மோசமாக இருக்கிறது. முதல் முறை பார்த்தபோது பாத்திரத்தில் ஒட்டிய அழுக்காக இருக்கலாம் என்று மறுபடி அனுப்பியிருக்கிறார். நடுவில் அங்கே மெஷின் வேறு ரிப்பேர். அதற்குள் யாரும் சாப்பிட்டுவிடக்கூடாது என்றுதான் மொத்தத்தையும் வாங்கியிருக்கிறார்.

தங்கை விரலில் ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எனக்கு ரத்தம் கம்மின்னாங்களே டீச்சர்க்கா. உங்க வெளுத்த செடி மாதிரியா நானு?"

"ஆமாம்மா. இரும்பு கம்மியா இருக்கற ஒடம்பு எல்லா வாசலையும் திறந்து வச்சிருக்கும். தெருவுல மத்தவங்களைவிட உனக்குத்தான் ஜாஸ்தி உள்ள போயிருக்கும்."

"உங்களுக்கு எப்ப சந்தேகம் வந்தது?"

"நட்டு விழுந்த அன்னிக்கே."

"ஏன் சொல்லல?"

"தப்பா இருந்துட்டா... கீரைக்காரர் பொழப்பு போயிடும். மறுபடியும் என் பேச்சால ஒரு குடும்பம்..."

தங்கை குரலை உயர்த்தவில்லை. "தப்பா இருந்திருந்தா நான் கொஞ்ச நாள் கீரை சாப்பிடாம இருந்திருப்பேன். அவ்ளோதானே டீச்சர்க்கா" என்றாள்.

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கவில்லை. அவர் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் யாராலும் அடிக்க முடியாது.

கீரைக்காரரிடம் அவரே போய்ச் சொன்னார். அந்த மனிதர் தன் பேரப்பிள்ளைகளும் அதைத்தானே தின்றார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு, அன்றே எல்லாப் பாத்திகளையும் பிடுங்கினார். பிறகு அங்கே கோயில் மாலைக்காகச் சாமந்தி போட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. எடை கம்மி. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். எதனால் என்று கேட்டால், ரத்தசோகை உள்ள தாய்க்கு இப்படிப் பிறப்பது உண்டு என்றார் டாக்டரம்மா. டீச்சர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. நஞ்சுக்கொடியில் ஒரு துண்டும் தங்கையின் சிறுநீரும் கொடுத்தால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம் என்று முன்பே கேட்டிருந்தார். தங்கையும் சரி என்றிருந்தாள். ஐஸ் வைத்த டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு அவர் சென்னை பஸ்ஸில் ஏறினதை என் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார்.

குழந்தை தேறியது. அழுதது, பால் குடித்தது, முகம் பார்த்துச் சிரித்தது. தங்கை அதைக் கீழே விடவே மாட்டாள். அவர்களைக் கீழ்பென்னாத்தூருக்கு அனுப்ப நாள் பார்த்திருந்த வாரத்தில் டீச்சர் இறங்கி வந்து கூடத்து வாசலில் நின்றார்.

"ரெண்டு தரம் பார்த்தாச்சும்மா. இப்ப நிச்சயமாச் சொல்லலாம்."

தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "வேணாம் டீச்சர்க்கா" என்றாள். "சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லியிருந்தா கேட்டிருப்பேன். இப்ப இவ நல்லா இருக்கா. எனக்கு எதுவும் சொல்லாதீங்க. எப்பவும் சொல்லாதீங்க."

டீச்சர் இன்னொரு முறை கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை, மாடிக்குப் போய்விட்டார். அந்த மாதமே வீட்டைக் காலி செய்தார். பக்கெட்டுகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். எந்த ஊருக்கு என்று கேட்டேன், இன்னும் முடிவாகவில்லை என்றார். பஸ் ஸ்டாண்டுவரை நான்தான் ஆட்டோவில் கூடப் போனேன். கோபம் இருந்தது. ஆனாலும் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த பாசம் அந்தக் கோபத்தில் அழிந்து போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும், போகவில்லை.

பஸ் கிளம்புவதற்கு முன்னால் கேட்டேன். அவள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன், எனக்குச் சொல்லுங்கள் என்றேன். அப்போது அவர் யோசிக்கவில்லை.

"குழந்தைக்கு ரொம்ப போகலைங்க. நஞ்சுக்கொடி நிறைய தடுத்துடுச்சு. உங்க தங்கச்சி ஒடம்புலதான் தங்கியிருக்கு. அது சீக்கிரம் போகாது, இருவது முப்பது வருஷம் இருக்கும். இப்ப பார்த்தா ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் இருப்பாங்க. மொதல்ல சிறுநீரகத்தைப் பிடிக்கும். அப்புறம் எலும்பு."

"பிடிக்கும்னா, நிச்சயமாவா?"

"பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாம். வருஷா வருஷம் சிறுநீரை டெஸ்ட் பண்ணிடுங்க. அவங்ககிட்ட சொல்லுங்க, சொல்லாம இருங்க, அது உங்க இஷ்டம். ஆனா டெஸ்டை விட்டுடாதீங்க."

பஸ் போய்விட்டது. அதற்கப்புறம் அவரிடமிருந்து கடிதமோ போனோ இல்லை.

நான் தங்கையிடம் சொல்லவில்லை. மனதில் தோன்றினதை அந்த நிமிஷமே கொட்டிவிடுகிற எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். நம் குடும்பத்தில் சர்க்கரை இருக்கிறது, பார்த்துவிடுவோம் என்று சொல்லி வருஷத்துக்கு ஒரு தடவை அவளை டெஸ்டுக்குக் கூட்டிப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை பயப்பட ஒன்றும் இல்லை என்கிறார். அவளுக்கு என் மேல் கிண்டல். "எங்க அக்காவுக்கு சர்க்கரைப் பைத்தியம்" என்று எல்லோரிடமும் சொல்கிறாள்.

அவள் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. ஒல்லிதான், ஆனால் வாய் என்னைப்போல. தங்கையோ சதை போட்டு, முகம் மினுங்க, பார்க்கிறவர்கள் கண் வைக்கிற மாதிரி இருக்கிறாள். பௌர்ணமி தவறாமல் வந்து மலையைச் சுற்றுகிறாள். அந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொண்டது, விட மாட்டாள்.

போன பௌர்ணமிக்கும் சுற்றினாள். விடிந்த பிறகு வீட்டுக்கு வந்து, காலைக் கழுவினதும் கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்தாள். அடி அண்ணாமலை வரும்போதே முடியவில்லை, அங்கே ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டேன் என்றாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா ரெண்டு இடத்தில் உட்கார்ந்தாள் என்று திருத்தினாள்.

"இடுப்பு ஒரே வலிக்கா. முன்ன மாதிரி நடக்க முடியல. வயசாவுது, இல்ல?"

அவளுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

"ஆமாண்டி, வயசாவுது. திரும்பிப் படு, தைலம் தேய்ச்சி விடறேன்."

திரும்பிப் படுத்தாள். தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு அவள் இடுப்பில் கை வைத்தேன். நல்ல கனமான, சூடான உடம்பு. அழுத்தும்போது லேசாக முனகினாள். வலி சதையிலா எலும்பிலா என்று கேட்க வேண்டும். வாய்வரை வந்துவிட்டது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பேசாமல் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.